சாம்பல் நிறச் சராசரி: நிழற்படக்கருவித் திருகுகளின் வரலாறு

முதுகலை மாணவர்களைக் கல்வெட்டுப் பயிற்சிக்காகச் சோழர் காலத்துச் சிற்றூர்க் கோயிலொன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அதிட்டானத்தின் ஜகதியிலும் குமுதத்திலும் ஓடிய எழுத்துகளை மாணவர்கள் விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தனர். துறைக்குச் சொந்தமான பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கருவி மாணவி ஒருவரின் கையில் இருந்தது. கருவியின் மேலுள்ள வட்டைப் பச்சை நிறக் கட்டத்தில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினார். ஃபிளாஷ் தானாகவே எழுந்து வெட்டியது. படத்தில் சுவர் இருந்தது, எழுத்துகள் இல்லை. நேர் எதிரிலிருந்து பாய்ந்த ஒளி, உளி வெட்டிய பள்ளத்தையும் கல்லின் மேற்பரப்பையும் ஒன்றுபோல வெளுக்கச் செய்துவிட்டது. ஆயிரம் ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் தப்பிய எழுத்து, ஒரு நொடி வெளிச்சத்தில் மறைந்துபோனது.

பிறகு அனைவரும் சுண்ணாம்பு அடித்த மதிலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டனர். மாணவர் பலர் வெள்ளை வேட்டியில் இருந்தனர். கருவியின் திரையில் படத்தைப் பார்த்த ஒரு மாணவர், "ஐயா, இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார். மதில் தெரிந்தது, வேட்டிகள் தெரிந்தன, கருத்த நிறமுடைய அவருடைய முகம் இருந்த இடத்தில் ஒரு நிழல் மட்டும் இருந்தது. எல்லோரும் சிரித்தனர். அவரும் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கருவி பழுதானது அன்று. அது தனக்குக் கற்பிக்கப்பட்டதைச் சரியாகவே செய்தது. அப்படியானால் கற்பித்தவர்கள் யார், எந்த உலகத்தைக் கண்முன் வைத்துக் கற்பித்தார்கள் என்னும் கேள்வி எழுகின்றது. அன்றாடம் கருவியை எந்த அமைப்பில் வைத்துக்கொள்வது என்பது கையேட்டுச் செய்திபோலத் தோன்றினாலும், அதன் வேர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றுக்குள் ஓடுகின்றன. வில்லையின் துளை, திறந்திருக்கும் நேரம், ஒளியுணர்திறன் என்னும் மூன்று திருகுகளின் வழியாகவும், அம்மூன்றையும் தானே தீர்மானிக்கும் பச்சைக் கட்டத்தின் வழியாகவும் அவ்வரலாற்றைக் காண்போம்.

துளை

அபர்ச்சர் எனப்படும் வில்லைத்துளையின் எண்களை முதன்முதலாகப் பார்ப்பவர் திகைக்காமல் இருப்பதில்லை. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று போகும் வரிசையில் எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கின்றது. இது தலைகீழ்க் கணக்கு அன்று. ஒரு பின்னத்தின் கீழ்ப்பகுதி. வில்லையின் குவியத்தூரம் 50 மில்லிமீட்டர் என்றால், எஃப் 2 என்பது 25 மில்லிமீட்டர் அகலமுள்ள துளை. எஃப் 4 என்பது பன்னிரண்டரை மில்லிமீட்டர். துளையின் பரப்பு பாதியாக வேண்டுமானால் விட்டத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1.4 என்னும் புதிரான எண் அங்கிருந்து வந்தது. வரிசையில் ஒரு படி ஏறினால் உள்ளே வரும் ஒளி பாதியாகும். ஒரு படி இறங்கினால் இரட்டிக்கும்.

தொடக்கக் காலத்தில் இப்படித் திருகிச் சுருக்கும் வசதி பலரிடம் இல்லை. 1858இல் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஹவுஸ், வெவ்வேறு அளவில் ஓட்டையிட்ட உலோகத் தகடுகளை வில்லைக்குழலில் இட்ட பிளவின் வழியே செருகும் முறையை அறிமுகப்படுத்தினார். நிழற்படக்காரர் ஒரு தகட்டை எடுத்து இன்னொன்றைச் செருகுவார். அத்தகடுகளுக்கு எந்த எண்ணை இடுவது என்பதில் நெடுங்காலம் ஒற்றுமை இல்லை. 1880களில் இங்கிலாந்தின் நிழற்படச் சங்கம் 'சீரான முறை' என்ற ஒன்றை முன்வைத்தது. அதில் எண் இரட்டித்தால் தேவைப்படும் நேரமும் இரட்டிக்கும். கணக்கிட எளிய முறை அதுதான். ஆனாலும் காலப்போக்கில் வென்றது இன்றைய எஃப் வரிசையே. இரு முறைகளிலும் 16 என்ற எண் மட்டும் ஒரே துளையைக் குறித்தது, மற்றவை வேறுபட்டன. கருவியின் மேல் இருக்கும் எண் இயற்கை விதித்தது அன்று, மனிதர்கள் கூடிப் பேசி, முரண்பட்டு, இறுதியில் ஒத்துக்கொண்டது என்பதற்கு இது முதற்சான்று.

துளை ஒளியின் அளவை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. பெரிய துளையில் ஒரு தளம் மட்டுமே கூர்மையாக விழும். முன்னும் பின்னும் மங்கும். சிறிய துளையில் அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் ஓரளவு சேர்ந்தே தெளியும். ஆகவே துளையைத் தேர்வது என்பது எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்னும் முடிவு.

நேரம்

1838ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லூயி டகேர், தம் சன்னலிலிருந்து பொல்வார் து தாம்பிள் என்னும் பெருந்தெருவைப் படமெடுத்தார். வண்டிகளும் மனிதர்களும் நிறைந்த தெரு அது. படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கின்றது. ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டதால் நகர்ந்தவை எதுவும் தகட்டில் தங்கவில்லை. ஒரு மூலையில், காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரு காலைத் தூக்கி வைத்து நின்ற ஒருவர் மட்டும் பதிவானார். நிழற்படத்தில் அடையாளம் காணக்கூடியவராய்ப் பதிந்த முதல் மனிதர்களுள் ஒருவராக அவரை வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். பெருந்தெருவில் அன்று நடந்து சென்றவர்களின் வரலாறு நமக்கில்லை. நின்றவரின் வரலாறே உண்டு.

இருபது ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களைப் பெரிய அளவில் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் கரைசலைப் பூசும் முறை 1851இலேயே வந்துவிட்டது. ஆனால் அத்தகடு ஈரம் உலர்வதற்குள் படமெடுக்கப்பட்டுக் கழுவப்பட வேண்டும். நம் வெயிலில் அது எத்தனை தொல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டிரைப் பெரிதும் நம்பியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களை. அவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். பதிலுக்கு அவை கேட்ட விலை நேரம். நிமிடக்கணக்கில் வில்லையைத் திறந்துவைக்க வேண்டும். அவருடைய படங்கள் பலவற்றில் கோயில்கள் ஆளரவமற்றுக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அக்காலப் பூச்சுகள் நீல ஒளியை மட்டுமீறி ஏற்றதால் வானம் வெறும் வெள்ளையாக விழுந்தது. டிரைப் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார்.

அவருடைய தஞ்சைப் படங்களுள் ஒன்று, கல்வெட்டில் ஈடுபாடுடையோர் அனைவரும் காண வேண்டியது. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். ஹுல்ட்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளை 1891 முதல் பதிப்பிப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முந்தைய முயற்சி இது. டிரைப்பிடம் ஒளிமானி இல்லை, ஃபிளாஷ் இல்லை, பச்சைக் கட்டம் இல்லை. வெயிலைப் பார்த்து, வில்லையின் மூடியைக் கழற்றி, காத்திருந்து மூடினார். துறைக்கருவியால் ஒரு வரியைக்கூடப் பிடிக்க இயலாத அன்று நமக்கு நினைவுக்கு வந்தவர் அவர்தாம். அவருடைய பணிக்கும் நெடிய வாழ்வு இல்லை. செலவு மிகுதி என்று கருதிய ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் 1859இல் அதனை நிறுத்தும் முடிவை எடுத்தார்.

ஷட்டர் என்னும் பொறி தேவைப்பட்டதே இதற்குப் பிறகுதான். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டை முன்மொழிந்தார். 1878இல் சார்லஸ் பென்னெட் அதன் உணர்திறனைப் பன்மடங்கு பெருக்கும் வழியைக் கண்டார். நிமிடங்கள் நொடியின் சிறுபின்னங்களாகச் சுருங்கின. மூடியைக் கையால் கழற்றி மாட்ட மனிதக் கைக்கு அவ்வளவு விரைவு கிடையாது. ஆகவே பொறி வந்தது. முதலில் 25இல் ஒன்று, 50இல் ஒன்று, 100இல் ஒன்று என்று இருந்த வரிசை, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் 30, 60, 125, 250 என்று சீரானது. ஒவ்வொரு படியும் இரட்டிப்பு என்பதால் துளையின் படியோடு இது கச்சிதமாகப் பொருந்தியது. துளையை ஒரு படி திறந்தால் நேரத்தை ஒரு படி குறைக்கலாம். இன்று நாம் எந்தச் சிந்தனையுமின்றிச் செய்யும் இந்தக் கொடுக்கல் வாங்கல், இரு வரிசைகளும் ஒன்றோடொன்று இயைந்த பிறகே எளிதானது.

எண்

மூன்றாவது திருகு ஐ.எஸ்.ஓ. இதன் கதை இங்கிலாந்தில் விட்னஸ் நகரத்து இரசாயன ஆலையொன்றில் தொடங்குகின்றது. அங்கே பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வெரோ சார்லஸ் டிரிஃபீல்டு என்னும் இருவரும் தொழில்முறை நிழற்படக்காரர்கள் அல்லர். ஓய்வு நேரத்தில் படமெடுத்த வேதியியலாளர் ஒருவரும் பொறியாளர் ஒருவரும். எவ்வளவு ஒளி விழுந்தால் தகடு எவ்வளவு கருக்கும் என்பதை ஊகமாக அன்றி, அளந்து அறிய விரும்பினர். 1890இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, தகட்டின் உணர்திறனை எண்ணால் குறிக்கும் வழியைத் தந்தது. அதற்கு முன்பே 1888இல் ஆக்டினோகிராஃப் என்ற கணக்குச்சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். நாளையும் மணியையும் கொண்டு, வெயில் எவ்வளவு இருக்கும் என்பதை அச்சட்டத்தின் அட்டவணை சொல்லும். அந்த அட்டவணை ஒரு குறிப்பிட்ட அட்சரேகைக்கென வரையப்படுவது. விட்னஸின் சூரியனைக் கொண்டு மதுரையில் படமெடுக்க முடியாது என்னும் உண்மையை அக்கருவி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பிற்காலக் கருவிகள் தத்தம் எல்லைகளை இவ்வளவு நேர்மையாகச் சொல்லவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

அளக்க முடிந்ததும் விற்பனைப் போட்டி தொடங்கியது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தகட்டின் எண்ணை உயர்த்திச் சொன்னது. இக்குழப்பத்துக்கு ஒரு வரம்பு கட்டவே 1934இல் ஜெர்மனியில் டின் தரமும், 1943இல் அமெரிக்காவில் ஏ.எஸ்.ஏ. தரமும் வந்தன. ஒன்றில் மூன்று கூடினால் உணர்திறன் இரட்டிக்கும். மற்றொன்றில் எண்ணே இரட்டிக்கும். 1974இல் பன்னாட்டுத் தர அமைப்பு இரண்டையும் ஒருங்கே இணைத்தது. அந்த அமைப்பின் பெயரே இன்று நம் திருகில் ஐ.எஸ்.ஓ. என நிற்கின்றது.

இதனிடையே 1960இல் நடந்த ஒன்று சுவையானது. ஏ.எஸ்.ஏ. தரத்தில், படம் இருண்டுவிடாமல் இருக்கப் பாதுகாப்பாக ஒரு படி கூடுதல் ஒளி ஒதுக்கப்பட்டிருந்தது. ஒளிமானிகள் நுட்பமடைந்ததால் அந்த ஒதுக்கீடு தேவையில்லை எனக் கருதப்பட்டு நீக்கப்பட்டது. விளைவு, கருப்பு வெள்ளைச் சுருள்களின் எண்கள் இரட்டித்தன. பெட்டிக்குள் இருந்தது அதே சுருள். அதில் எதுவும் மாறவில்லை; மாறியது, பிழைக்கு எவ்வளவு இடம் விடுவது என்னும் கருத்து மட்டுமே.

எண்ணியல் கருவியில் ஐ.எஸ்.ஓ. என்பது சுருளின் குணமும் அன்று. உணரியில் விழுந்த ஒளியின் குறிகையை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதைச் சொல்லும் எண். பெருக்கினால் இரைச்சலும் உடன் பெருகும். ஒலிபெருக்கியை ஏற்றினால் பாட்டோடு கரகரப்பும் கூடுவது போன்றதே இது.

பொத்தான்

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் வெளியிட்ட கோடாக் கருவியில் திருகுவதற்கு எதுவுமில்லை. ஒரே துளை, ஒரே வேகம், மாற்றமுடியாத குவியம். விலை 25 டாலர்; உள்ளே நூறு படங்களுக்கான சுருள். முடிந்ததும் கருவியையே நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பொத்தானை அழுத்துவது மட்டுமே வாங்கியவரின் வேலை, மற்றவை தம் பொறுப்பு என்பதே விளம்பரத்தின் சாரம். 1900இல் ஒரு டாலர் விலையில் வந்த பிரௌனி, நிழற்படத்தைச் சிறுவர் கைக்கும் கொண்டு சென்றது. இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. செல்வரும் வல்லுநரும் மட்டுமே வைத்திருந்த ஒரு கலையைச் சாதாரணக் குடும்பங்களின் கையில் கொடுத்தது இந்த எளிமைதான். ஆனால் 'மற்றவை' என்ற சொல்லுக்குள் எத்தனை முடிவுகள் அடங்கியிருந்தன என்பதை வாங்கியவர் அறிய வழியில்லாமலும் போனது.

1932இல் வெஸ்டன் நிறுவனத்தின் மின்னொளிமானி வந்தது. செலினியம் என்னும் தனிமத்தில் ஒளி விழுந்தால் மின்சாரம் பிறக்கும். அது முள்ளை நகர்த்தும். 1938இல் கோடாக் சூப்பர் சிக்ஸ்-20 என்னும் கருவி, அந்த முள்ளின் நிலையைக் கொண்டு துளையைத் தானே அமைத்துக்கொண்டது. விலை 225 டாலர் என்பதால் வாங்கியவர் சிலரே. ஆயினும் தானியங்கி ஒளியேற்பின் தொடக்கம் அதுவே. ஆடியும் ஒற்றை வில்லையும் கொண்ட எஸ்.எல்.ஆர். வகையில் 1965இன் கோனிகா ஆட்டோரிஃப்லெக்ஸ், நுண்செயலியுடன் வந்த 1976இன் கேனான் ஏ.ஈ-1, துளை முதன்மை வேகம் முதன்மை என்ற இரண்டையும் சேர்த்துத் தந்த 1977இன் மினோல்ட்டா எக்ஸ்.டி., அனைத்தையும் தானே முடிவுசெய்யும் 'பி' நிலையோடு வந்த 1978இன் கேனான் ஏ-1 என்று படிப்படியாக ஒவ்வொரு திருகும் பொறியின் வசமாயிற்று. 1983இன் நிக்கான் எஃப்.ஏ. காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து அளந்து, முன்பே ஆராய்ந்து வைத்த காட்சி வகைகளோடு ஒப்பிட்டது. 1991இல் கோடாக், நிக்கான் எஃப்3 உடலில் எண்ணியல் பின்புறத்தைப் பொருத்தி டி.சி.எஸ். கருவியை விற்றது. 2003இல் ஆயிரம் டாலருக்குக் கீழ் கேனான் 300டி வந்தபோது டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். இல்லங்களுக்குள் நுழைந்தது. 2020க்குப் பிறகு கேனானும் நிக்கானும் தம் கவனத்தை ஆடியில்லாக் கருவிகளுக்குத் திருப்பிவிட்டன. ஆனால் ஆடி போனாலும் மேல்வட்டும் அதன் எழுத்துகளும் போகவில்லை.

சாம்பல்

தானியங்கி ஒளியேற்பு ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றது. கருவிக்குள் இருக்கும் ஒளிமானிக்குத் தன்முன் இருப்பது வேட்டியா, கருங்கல்லா, முகமா என்பது தெரியாது. அங்கிருந்து திரும்பி வரும் ஒளி எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். எனவே, உலகிலுள்ள காட்சிகளைச் சராசரியாக எடுத்தால் அவை ஒரு நடுச்சாம்பல் நிறத்துக்குச் சமம் என்று அது எடுத்துக்கொள்கின்றது. நிழற்படக்காரர்கள் பையில் வைத்திருக்கும் 18 விழுக்காட்டுச் சாம்பல் அட்டை இவ்வனுமானத்தின் பருப்பொருள் வடிவம். வெள்ளை மதிலைக் காட்டினால் ஒளிமானி அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். அதாவது படத்தை இருளச் செய்யும். கருங்கல்லைக் காட்டினாலும் சாம்பலாக்கவே பார்க்கும். அதாவது வெளுக்கச் செய்யும். பல பகுதிகளாக அளக்கும் பிற்காலக் கருவிகள் இக்குறையைப் பெரிதும் குறைத்திருக்கின்றன, நீக்கிவிடவில்லை. நம் மாணவரின் முகம் மறைந்தது இதனால்தான். மதிலும் வேட்டிகளும் சேர்ந்து படத்தின் பெரும்பரப்பை நிறைத்தன. அவற்றைச் சாம்பலுக்கு இறக்க முயன்ற கருவி, முகங்களையும் சேர்த்து இறக்கியது. மாநிறத்தவர் தாங்கிக்கொண்டனர், அவரால் இயலவில்லை.

அனுமானத்தை மறுக்கத் தெரிந்தவர்களும் இருந்தனர். 1941 நவம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் மேல் நிலா எழுவதை ஆன்செல் ஆடம்ஸ் கண்டார். கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெயில் மங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் ஒளிமானி அகப்படவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டு, எஃப் 32 துளையில் ஒரு நொடி திறந்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. ஆடம்ஸிடம் இருந்தது சராசரி அன்று. ஒரு பொருளைப் பற்றிய அறிவு. எது எவ்வளவு வெளுப்பாக விழ வேண்டும் என்பதை அவர் முடிவு செய்தார். மற்றவை அதற்கேற்ப அமைந்தன.

ஷெர்லி

சாம்பலாவது எவர் முகமும் அன்று. வண்ணம் வந்தபோது சராசரிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. 1954 வரை அமெரிக்காவில் கோடாக்கின் வண்ணச் சுருள் விலையிலேயே கழுவும் கட்டணமும் அடங்கியிருந்தது. அரசு தொடுத்த வழக்கின் முடிவில் அவ்வாண்டு அந்த ஏகபோகம் விலக்கப்பட்டதால், தனியார் கூடங்களும் வண்ணப்படங்களை அச்சிடத் தொடங்கின. எல்லா இடத்திலும் வண்ணம் ஒன்றுபோல் வர வேண்டுமே என்பதற்காகக் கோடாக் ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் வெள்ளை நிறப் பெண் ஒருவர் இருந்தார். முதலில் படமெடுக்கப்பட்ட பெண்ணின் பெயரால், பின்னர் வந்த பெண்கள் எல்லோருடைய அட்டையும் 'ஷெர்லி அட்டை' என்றே வழங்கலாயிற்று. சில அட்டைகளில் 'இயல்பு' என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. அச்சகத்தவர் ஷெர்லியின் தோல் சரியாக வரும்வரை பொறியைத் திருத்துவார். பிறகு வரும் எல்லா முகங்களும் அத்திருத்தத்தின்படியே அச்சாகும்.

கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இவ்வட்டைகளைப் பற்றி விரிவாக எழுதினார். கருநிற முகங்கள் விவரமிழந்து விழுவதாகக் குறை சொன்ன பெற்றோர்கள் இருந்தனர். ஆனால் நிறுவனத்தை அசைத்தவை வேறு. மரங்களின் வேறுபாடு தெரியவில்லை என்று அறைகலன் செய்வோரும், அடர்நிறச் சாக்லேட்டும் பாற்சாக்லேட்டும் ஒன்றாகத் தெரிகின்றன என்று சாக்லேட் செய்வோரும் முறையிட்ட பிறகே பழுப்பு நிறங்களின் மேல் கவனம் திரும்பியது என்று கோடாக்கின் முன்னாள் அலுவலர் ஒருவர் அவரிடம் கூறினார். 1970களின் இறுதியில் மொசாம்பிக் நாட்டுக்குச் சென்ற திரைப்பட இயக்குநர் கோதார், கோடாக் சுருள் இனச்சார்புடையது என்று அதைப் பயன்படுத்த மறுத்தார். பல நிறத்துப் பெண்கள் ஒன்றாக அமர்ந்திருக்கும் மாதிரி அட்டை 1990களின் நடுவில்தான் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரும் கருநிறத்தவரை மறைக்க வேண்டும் என்று திட்டமிட்டதாகச் சான்றில்லை. வாங்குவோர் எனத் தாம் கருதியவரைக் கண்முன் வைத்தனர். மற்றவர் கண்ணில் படவில்லை. தீங்கு அந்த அளவில் நிகழ்ந்தது. சங்கப் புலவர்கள் தலைவியின் மேனி நிறத்தை 'மாமை' என்று மாந்தளிரோடு சேர்த்துப் பேசினர். அப்படியொரு நிறச்சொல்லைக் கொண்ட மொழியினராகிய நாம், நம் முகத்தை நடுவில் வைத்துச் செய்யப்படாத சுருளில் பல்லாண்டு காலம் திருமணப் படங்களை எடுத்துக்கொண்டோம். முகம் கருத்து விழுந்தால் பொறியின் எல்லை என்று நாம் சொல்லவில்லை; 'கருப்பாக இருப்பவர்களுக்குப் படம் எடுபடாது' என்று சொன்னோம். பிழையை ஆளின் மேல் ஏற்றினோம். பவுடரை அப்பினோம். இன்றும் பல திருமணத் தொகுப்புகளில் மணப்பெண் தம் உண்மையான நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பாகச் சிரிக்கின்றார்.

அன்றாடத்திற்கு

இவ்வரலாற்றை அறிந்தபின் கருவியை எப்படி வைத்துக்கொள்வது? எல்லாத் திருகையும் கையால் திருப்ப வேண்டும் என்று சொல்ல மாட்டோம். பொறி நன்றாகச் செய்வதைப் பொறியிடம் விடலாம். எந்த முடிவு நம்முடையது என்பதை அறிந்து அதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். நாம் பின்பற்றுவது பின்வருமாறு.

மேல்வட்டைத் துளை முதன்மை நிலையில் நிறுத்துகின்றோம். ஒரு முகத்துக்கு எஃப் 4. குழுவுக்கு எஃப் 8. முக்காலியில் வைத்து எடுக்கும் கல்வெட்டுக்கு எஃப் 8 அல்லது 11. வேகத்தைக் கருவி முடிவு செய்யட்டும். ஐ.எஸ்.ஓ.வையும் தானியங்கியில் விடலாம். ஆனால் இரண்டு வரம்புகளை இடுகின்றோம். மேல் எல்லை 1600 அல்லது 3200. மனிதர்கள் படத்தில் இருந்தால் வேகம் 125இல் ஒரு நொடிக்குக் குறையலாகாது. சிறிது இரைச்சலுள்ள படத்தைப் பார்க்கலாம். அசைந்து குழம்பிய முகத்தை மீட்க முடியாது.

கோப்பை ரா வடிவில் சேமிக்கின்றோம். ஜெபெக் என்பது நிறுவனம் தன் விருப்பப்படி வண்ணமும் முரணும் திருத்தித் தரும் படம். ரா என்பது அத்திருத்தத்துக்கு முன் உணரி கண்டது. வெண்சமநிலையைத் திறந்தவெளியில் சூரியன் குறியிலும், பிரகாரத்தின் விளக்கொளியில் தானியங்கியிலும் வைத்துப் பின்னர்த் திருத்துகின்றோம். ஃபிளாஷை அணைத்தே வைக்கின்றோம். கல்வெட்டுக்குத் தேவை எதிரொளி அன்று, பக்கவொளி. காலையிலோ மாலையிலோ வெயில் சுவரை உரசிச் செல்லும் பொழுது, அல்லது கைவிளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்தால், உளியின் பள்ளத்தில் நிழல் விழும். அந்த நிழல்தான் எழுத்து.

இவற்றுள் மிக முக்கியமானது, கூட்டல் கழித்தல் குறியிட்ட சிறு பொத்தான். கருவியின் சராசரிக்கு நாம் மறுமொழி சொல்லக்கூடிய இடம் அது. வெள்ளை வேட்டிகளும் மதிலும் நிறைந்த காட்சியில் ஒரு படி கூட்ட வேண்டும். கருங்கல் சுவர் படம் முழுதும் நிறைந்தால் முக்கால் படியோ ஒரு படியோ குறைக்க வேண்டும். கருத்த முகம் ஒன்றே படத்தை நிறைக்கும்போதும் சிறிது குறைக்க வேண்டும். இல்லையெனில் கருவி அதை வெளுக்கச் செய்து, அவருடையதல்லாத நிறத்தை அவருக்குக் கொடுத்துவிடும். மறைப்பது மட்டும் பிழையன்று, வெளுப்பதும் பிழையே. ஒவ்வொரு முறையும் கருவியைக் கையில் எடுத்தவுடன், முன்பு எடுத்தவர் விட்டுச்சென்ற எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்துப் பொத்தானைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அன்று மாலை நான்கு மணிக்குமேல் வெயில் தென்சுவரை உரசத் தொடங்கியது. ஃபிளாஷை அணைத்து, கருவியை முக்காலியில் ஏற்றி, எஃப் 8இல் எடுத்தோம். காலையில் காணாமற்போன எழுத்துகள் வரிவரியாக எழுந்து வந்தன. பின்னர் எல்லோரையும் மதிலோரத்திலிருந்து மண்டபத்து நிழலுக்கு நகர்த்தி, ஒரு படி கூட்டி, மறுபடியும் குழுப்படம் எடுத்தார் அம்மாணவி. வேட்டிகள் சற்று வெளுத்துப்போயின, மடிப்புகள் தெரியவில்லை. காலையில் கேள்வி கேட்ட மாணவர் திரையைப் பெரிதாக்கித் தம் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பேருந்தில் திரும்பும்போது, அந்தப் படத்தைத் தம் தாயாருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.